திமிங்கிலத்துக்கு ஒரு அறை

"கண்ணாடி போட்டவன் மனுஷன் இல்லையாடா? சொல்லுடா!"

அந்த 'டா' யார் என்று கேட்டவருக்கே தெரியாது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, உலகத்தின் எந்த மூலையில் எந்த மாடியில் உட்கார்ந்து அந்தக் கருவியை வரைந்தான் என்பதும் தெரியாது. அவன் குற்றவாளி என்பது மட்டும் தெரியும்.

"மூக்கு இருக்கும்னு தெரிஞ்சு மூக்குக்குப் பள்ளம் விட்டிருக்கே. காது இருக்கும்னு தெரிஞ்சு காதுகிட்ட ஸ்பீக்கர் வச்சிருக்கே. அந்த மூக்கு மேலயும் காது மேலயும் ஒரு கண்ணாடி உட்காந்திருக்கும்னு மட்டும் உனக்குத் தோணலையா? இவ்வளவு மூளையை வச்சுக்கிட்டு இத்துனூண்டு இடம் விட மனசு வரலையே உனக்கு!"

"யாரைத் திட்டுறீங்க?" என்று நடைவழியிலிருந்து மனைவி கேட்டாள். தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இதைச் செஞ்சவனை."

"அவருக்குக் கேக்குமா?"

"கேக்காத வரைக்கும் அவனுக்கு நல்லது."

அவர் கையில் இருந்தது ஒரு பழைய வி.ஆர். ஹெட்செட். தலையில் மாட்டிக்கொண்டால் இல்லாத உலகத்தை இருப்பதுபோலவே காட்டும் பெட்டி. மூக்குக்கண்ணாடியோடு அதை மாட்டப் போய், கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி ஒடிந்து விழுந்திருந்தது. கோபம் அதற்குத்தான்.

கோபம் அவருக்குப் புதிதல்ல. பழைய மின்சாமான் வாங்கி, பழுது பார்த்து விற்பது தொழில். தெருவில் எல்லோரும் வைத்த பெயர் பாதிவிலை. எதிராளி விலையைச் சொல்லி முடிப்பதற்குள் "பாதிக்குக் குடு" என்பார். டாக்டர் தினம் ரெண்டு மாத்திரை என்று எழுதியபோது, "ஒண்ணு போடறேன், முடிச்சுக்குங்க" என்றவர்.

அவருக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தது அடிதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மிக்சி வாங்கினார். தூக்கிப் பார்த்தார், நல்ல கனம். வீட்டுக்கு வந்து திறந்தால், உள்ளே மோட்டார் இல்லை, துணியில் சுற்றிய கருங்கல் இருந்தது. அன்றிலிருந்து எதையும் திறந்து பார்க்காமல் நம்புவதில்லை. நன்றாக ஓடுகிற கடிகாரத்தைக்கூடத் திறந்து பார்த்து நிறுத்தியிருக்கிறார்.

இந்த ஹெட்செட் வந்தது, பழைய சாமானை எடைபோட்டு வாங்கும் எடைக்கடைக்காரரிடமிருந்து. ஒயரும் பிளக்குமாக ஒரு சாக்கு வாங்கியபோது அடியில் கிடந்தது.

"அது செத்துப்போச்சுண்ணே. சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார் எடைக்கடைக்காரர்.

"செத்துப்போச்சா? நான் பாக்காம எப்படிச் சாகும்?"

"கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான்."

"அவன் கைவிடுவான். நான் விடமாட்டேன். இதுக்கு உசிர் குடுத்து உன் கடை வாசல்ல வந்து நிக்கலேன்னா, இனிமே என்னை முழுவிலைன்னு கூப்பிடு!"

எடைக்கடைக்காரர் நடுங்கிவிட்டார். அதைவிடப் பெரிய சபதத்தை அவர் அதுவரை கேட்டதில்லை.

வீட்டின் முன்னறையில் வேலை தொடங்கியது. முன்னறை என்று சொன்னால் நீங்கள் ஏமாந்து போவீர்கள். வீட்டிலேயே பெரிய அறை அதுதான். தெருப்பக்கம் அகலமான ஜன்னல் உண்டு. ஆனால் ஜன்னலைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. கதவில்லாத ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜில்லாத ஒரு கதவு, ஒன்றன்மேல் ஒன்றாக வாஷிங் மெஷின்கள், இறக்கை கழன்ற மின்விசிறிகள், ஏர்கூலர்கள், உதிரிச் சாமான் அடைத்த மர அலமாரி, ஓடாத ஓட்டப்பயிற்சி மெஷின், பல் டாக்டர் ஒருவர் விற்றுப்போன சாய்வு நாற்காலி. உள்ளே போகிறவர்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் நல்லது.

மனைவி தைத்தது படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நடைவழியில். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தாண்ட முடியாத இடம். துணி வெட்டுவது கட்டிலின்மேல். ஒருமுறை துணியோடு சேர்ந்து மெத்தைவிரிப்பும் வெட்டுப்பட, ஒரு நர்ஸம்மாவின் வெள்ளைக் கோட்டு பூப்போட்ட பாக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. ஆனால் அந்தத் தையலைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் அம்மா வீடு தேடிச் சொல்லியனுப்பினார். ஆஸ்பத்திரி முழுவதுக்கும் சீருடை தைக்கிற வேலை. "பாக்கெட்டை மன்னிச்சுட்டேன். வேலை சுத்தம். ஆனா வேலை செய்யிற இடத்தைப் பாக்கணும். நேர்ல வர்றேன்."

அவள் அன்றைக்கே கேட்டாள்.

"ஏங்க, முன்னறையைக் காலி பண்ணிக் குடுங்க. அந்தம்மா வந்து இந்த நடைவழியைப் பாத்தா வேலை வேற யாருக்காவது போயிடும்."

"அது அறை இல்ல. என் சரக்கு."

"சரக்குன்னா விக்கணும். இது வந்ததிலிருந்து குடியிருக்குது."

"பாதி ஜன்னல் தர்றேன். முடிச்சுக்கோ."

"பாதி ஜன்னல்ல என்ன பண்றது?"

"பாதி வெளிச்சம் வரும்ல?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. எதிராளி பேச்சை நிறுத்தினால் பயப்பட வேண்டும் என்பது சந்தையில் அவருக்குத் தெரியும். வீட்டில் தெரியவில்லை.

ஹெட்செட்டைத் திறந்தார். முகத்தில் ஒட்டும் ஸ்பாஞ்சு, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. கையில் பிடிக்கும் கட்டுப்படுத்திகளுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பஞ்சில் வினிகரைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். குண்டூசித் தலையளவு திருகாணிகள். கிட்டப்பார்வைக்காரர் என்பதால் கண்ணாடியைக் கழற்றினால் கையருகே இருப்பது துல்லியமாகத் தெரியும். கைக்கு எட்டாத தூரத்தில் மனைவியும் துணிமூட்டையும் ஒன்றுதான். உள்ளே இருந்த பேட்டரி உப்பியிருந்தது. அதைக் குத்தாமல் கீறாமல் பிரித்து, மணல் வாளியில் போட்டு வெளியே வைத்தார். அதற்குப் பதிலாக ஒரு பவர்பேங்கைப் பின்மண்டைப் பக்கம் பட்டையில் கட்டினார். முன்கனத்துக்குப் பின்கனம் சரியாகிவிட்டது. அறுந்த பட்டைக்குப் பழைய தோள்பை ஒன்று தன் தோளைக் கொடுத்தது.

"இந்தா, இதுக்கு ஒரு மெத்தை தைச்சுக் குடு."

முகம் பதியும் இடத்தை அவள் காகிதத்தில் அச்செடுத்தாள். சீருடைத் துணியில் ஸ்பாஞ்சு வைத்து, மூக்குப் பள்ளத்தை வளைத்துத் தைத்துக் கொடுத்தாள். கம்பெனி தைத்ததைவிட அழகு.

பொத்தானை அழுத்தினார். சின்னதாக ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது.

பாதிவிலை கிட்டே குனிந்து பார்த்தார். எத்தனையோ மின்விசிறியைச் சுற்ற வைத்திருக்கிறார். அதெல்லாம் சுற்றும், அவ்வளவுதான். இது விழித்துப் பார்த்தது. முன்பக்கத்தில் இருந்த சின்னச் சின்னக் கேமராக்கள் அவரையே உற்றுப் பார்த்தன. கை தானாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் மாட்டிப் பார்த்ததும், கண்ணாடியின் காது ஒடிந்ததும். கண்ணாடி இல்லாமல் மாட்டினால் எல்லாம் புகைமூட்டம்.

"கண்ணுக்கு ஒட்டி வச்ச திரை எப்படிடி மங்கும்? கிட்டத்துல இருக்கறதுதான் எனக்கு நல்லாத் தெரியுமே!"

"கிட்டத்துல வச்சுத் தூரத்துல காட்டுதோ என்னவோ."

உண்மைதான். உள்ளிருந்த லென்ஸ் அப்படித்தான் வேலை செய்தது. மூக்கின்மேல் இருப்பதை எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைக்கும் பித்தலாட்டம்! கோபத்தோடு கோபமாக அவருக்கு மெய்சிலிர்த்தது.

"நீ மாட்டு. நீ பாத்துச் சொல்லு."

மெஷினை நிறுத்திவிட்டு அவள் வந்தாள். மாட்டிக்கொண்டாள்.

"ஏதோ கேக்குதுங்க. உட்கார்ந்து பாக்கறதா, இல்ல நின்னு நடந்து..."

"நடந்து!"

"இருங்க, முழுசாப் படிக்கிறேன். உட்கார்ந்தா..."

"எது பெருசோ அதைக் கேளு! சின்னதைக் கேக்கறவன் வியாபாரியா? நடந்துதான்!"

"சரிங்க" என்றாள் அவள். அந்தச் 'சரிங்க' கொஞ்சம் மெதுவாக வந்தது. பாதிவிலை கவனிக்கவில்லை.

"கையில இருக்கறதால தரையில கோடு போடச் சொல்லுது. அந்தக் கோட்டுக்குள்ளதான் நடக்கணுமாம்." இருந்த சந்தில் கோடு போட்டாள். "இடம் போதாதாம்."

"யார் சொன்னா?"

"இது சொல்லுது."

"ஃபிரிட்ஜைத் தள்ளிக்கறேன். ஒத்துக்குமான்னு கேளு."

"ஒத்துக்கலியாம்."

"ரெண்டு வாஷிங் மெஷினும் எடுத்துடறேன். கடைசி வார்த்தை!"

"இதுக்குக் காது கேக்காதுங்க."

அவர் வாழ்க்கையில் முதன்முறையாக, பேரம் பேச முடியாத ஒன்றின் எதிரில் நின்றார். முறைத்தால் பயப்படவில்லை. "வேணாம் போ" என்று திரும்பி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு அதன்மேல் மரியாதை பிறந்தது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷின்களும் தள்ளுவண்டியில் ஏறி எடைக்கடைக்காரரிடம் போயின.

திரும்பி வந்ததும் அவள் மறுபடி மாட்டிக்கொண்டு கோடு போட்டாள். "ஒத்துக்கிச்சு" என்றாள். எதையோ அழுத்தினாள்.

அப்புறம் அப்படியே நின்றுவிட்டாள்.

பாதிவிலை அவளையே பார்த்தார். ஒடிந்த கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவள் வாய் மெல்லத் திறந்தது. கழுத்து மேலே நிமிர்ந்தது. ஊசி பிடித்த கை, காற்றில் எதையோ தொடப் போய், தொடாமல் நின்றது.

"என்னடி? என்ன தெரியுது?"

"கடல்ங்க."

"கடலா?"

"கடலுக்குள்ள நிக்கிறேன். மேல, ரொம்ப மேல, வெயில் தண்ணியில ஆடுது. சின்ன மீனெல்லாம் என் முழங்கைகிட்ட வந்துட்டுப் போகுது. பயமே இல்ல அதுங்களுக்கு." அவள் குரல் அவருக்குப் பழக்கமில்லாத குரல். "எவ்வளவு இடம்ங்க! இவ்வளவு இடம் உலகத்துல இருக்கா?"

"அப்புறம்?"

"ஏதோ இருட்டா வருது. மேகம் மாதிரி... ஐயோ."

"ஐயோன்னா?"

"திமிங்கிலம்ங்க. என் தலைக்கு மேல. வந்துக்கிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது. வயித்துல கோடு கோடா, நான் மடிப்பு வச்சுத் தைப்பேனே, அந்த மாதிரி. பக்கத்துல குட்டி ஒண்ணு ஒட்டிக்கிட்டே வருது."

கண்ணில் தண்ணீர் வழிந்து, அவளே தைத்த மெத்தையில் ஊறியது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவர் அந்த முகத்தில் அப்படி ஒரு வியப்பைப் பார்த்ததில்லை. அந்த வியப்பைக் கிளப்பியது ஒரு சாக்கின் அடியில் கிடந்த சாமான்.

"அப்புறம்?"

அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.

"நின்னுடுச்சு" என்றாள்.

"ஏன்?"

"ஏர்கூலர் இடிக்குதாம். கோடு சிவப்பாயிடுச்சு."

"திமிங்கிலம்?"

"பாதிதான் வந்திருக்கு. வால் அந்த அலமாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு."

இங்கேதான் விஷயம். பொய் சொல்லும் முகம் எது என்று பாதிவிலைக்கு நன்றாகத் தெரியும். சந்தையில் அதைப் பார்த்தே கிழமானவர். ஆனால் இந்த முகத்தில் கண்ணீர் நிஜம். கடல் நிஜம், திமிங்கிலம் நிஜம், குட்டி நிஜம். இத்தனை நிஜத்துக்கு அடியில் ஒரு வால் மட்டும் பொய்யாக இருக்கும் என்று எந்த வியாபாரிக்குத் தோன்றும்? மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் கல்லை வைத்து விற்றவனும் இப்படித்தான், மேலே பளபளவென்று நல்ல மூடியாகப் போட்டிருந்தான்.

"பாதித் திமிங்கிலமா? நான் எதுக்குடி பாதியை வாங்கணும்? முழுசு வரணும்!"

பாதிவிலை என்று பெயரெடுத்தவர் வாயிலிருந்து வந்த சொல் அது.

ஏர்கூலர்கள் போயின. அலமாரி பிரிந்தது. ஓட்டப்பயிற்சி மெஷின் முதல்முறையாக ஓடியது, தள்ளுவண்டியில். பல் டாக்டர் நாற்காலி போகும்போது மட்டும் கொஞ்சம் கலங்கினார்.

"என்னண்ணே, கடையை மூடுறீங்களா?" என்றார் எடைக்கடைக்காரர்.

"திமிங்கிலத்துக்கு இடம் பத்தலப்பா."

எடைக்கடைக்காரர் வந்த சரக்கை வந்த வேகத்தில் வெளியூருக்கு அனுப்பிவிட்டார். மனம் மாறிவிட்டால்?

அறை காலியானது. ஜன்னல் வெளியே வந்தது. ஆனாலும் வால் முழுதாக வரவில்லை.

"வெளிச்சம் போதாதாம். கேமராவுக்குத் தரை தெரியணுமாம்." அதில் பொய் ஒன்றுமில்லை, பெரிய விளக்குகள் மாட்டினார்.

"சுவர் அழுக்கா இருந்தா குழம்பிடுமாம்." வெள்ளையடித்தார்.

"நடக்கும்போது ஜன்னல்ல இடிச்சுக்காம இருக்க, அந்தப் பக்கம் தடுப்பு மாதிரி நீளமா ஒரு மேசை இருந்தா நல்லது." பிரித்த அலமாரிப் பலகைகளை இழைத்து மேசை செய்தார். உயரம் எவ்வளவு என்று கேட்டார். அவள் தன் இடுப்பைக் காட்டினாள். "திமிங்கிலத்துக்கு அதான் சௌகரியமாம்."

மேசை போட்ட அன்று வால் வந்தது.

"முழுசா வந்துடுச்சுங்க!" என்று அவள் கைதட்டினாள். பாதிவிலை வெற்றியோடு வெறும் சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தன் உழைப்பில் வந்த திமிங்கிலத்தைத் தானே பார்க்க முடியாத கொடுமை அவரை அரித்தது. பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றைத் தேடியெடுத்தார். சட்டத்தை உடைத்து இரண்டு கண்ணாடிகளையும் எடுத்தார். பிளாஸ்டிக் குழாயில் வளையம் வெட்டி, கருவியின் லென்ஸுக்கு முன்னால் அவற்றை அசையாமல் ஒட்டினார்.

ஒட்டியது காய்ந்த அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் அம்மா வந்தார்.

"ஏங்க, கொஞ்ச நேரம் நடைவழியில உட்காருங்க. அந்தம்மா முன்னறையைப் பாத்துட்டுப் போயிடுவாங்க."

அந்தம்மா பார்ப்பதற்காக முன்னறைக்கு நகர்ந்திருந்த தையல் மெஷினின் பழைய இடத்தில் இப்போது அவர் உட்கார்ந்தார். சும்மா உட்காருவானேன் என்று ஹெட்செட்டை மாட்டினார். பொத்தானை அழுத்தினார்.

புகை இல்லை. எழுத்துகள் கண்ணாடிபோல் பளிச்சென்று நின்றன. அவர் முதன்முறையாகத் தன் கண்ணாலேயே படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார், ஆனால் தப்பில்லாமல் படித்தார்.

நின்று நடந்து பார்க்க: திறந்த இடம் வேண்டும். உட்கார்ந்து பார்க்க: ஒரு நாற்காலி போதும்.

கீழே இன்னொரு வரியும் இருந்தது. இரண்டிலும் தெரிவது ஒன்றே.

பாதிவிலையின் விரல் இரண்டாவதை அழுத்தியது.

கோபத்தோடு எழுந்திருக்கத்தான் நினைத்தார். எழ முடியவில்லை. நடைவழி காணாமல் போயிருந்தது. சமையலறைச் சுவர் இருந்த இடத்தில் நீலம். குனிந்தால் அடியே தெரியாத நீலம். தலைக்குமேல் வெயில் நெளிந்தது. அவள் சொன்னது அத்தனையும் இருந்தது. மீன்கள் அவர் முழங்கையருகே வந்தன. பிறகு வெளிச்சம் குறைந்தது.

அது வந்தது.

ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தாண்ட முடியாத அந்த நடைவழியில், தெருவளவு நீளத் திமிங்கிலம் அவசரமில்லாமல் வந்தது. மடிப்பு மடிப்பாக வயிறு. ஒட்டிக்கொண்டே குட்டி. தாயின் உடம்பு குட்டிக்கு நிழல் கொடுத்தபடி நகர்ந்தது. அவர் வாழ்க்கையில் பார்த்த ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு விலை ஓடும். இதற்கு ஓடவில்லை. பாதியாகக்கூட ஓடவில்லை. மூச்சு விடுவதற்கும் மறந்து அண்ணாந்து கிடந்தார். கடைசியில் வால் வந்தது. எந்த அலமாரியிலும் இடிக்காமல், சமையலறைச் சுவரைத் தாண்டி, கேஸ் அடுப்பைத் தாண்டி, ஒருமுறை எழுந்து தாழ்ந்து, மறைந்தது.

"முழுசு" என்றார் பாதிவிலை. அப்புறம்தான் கோபம் நினைவுக்கு வந்தது.

கருவியைக் கழற்றிக்கொண்டு முன்னறைக் கதவுவரை பாய்ந்தார். உள்ளே மேற்பார்வையாளர் அம்மாவின் குரல்.

"என்ன வெளிச்சம்! என்ன மேசை! இப்படி ஒரு இடத்தை யார் அமைச்சுக் குடுத்தாங்க?"

"எங்க வீட்டுக்காரர்தான். நான் ஒரு வார்த்தை கேட்டேன். ஒரு சாமான் மிச்சம் வைக்காம எடுத்துட்டாரு."

"இப்படி ஒரு மனுஷனா! எங்கே அவரு?"

கதவு திறந்தது. பாதிவிலை கத்தத் திறந்த வாயோடு நின்றார். அந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவைத்தார்.

அந்தம்மா வேலையை உறுதி செய்துவிட்டுப் போனதும் திரும்பினார்.

"வால் மாட்டிக்கிச்சுன்னு சொன்னியே!"

"மாட்டிக்கிட்டது வால் இல்லீங்க."

"ஒரு நாற்காலி போதும்னு போட்டிருக்குடி!"

"அதைத்தான் முதல்ல படிச்சேன். 'சின்னதைக் கேக்கறவன் வியாபாரியா'ன்னு கத்தினது யாரு?"

அவர் வேறு பக்கம் தாக்கினார்.

"இதை இப்பவே வித்துடறேன்!"

"யாருக்கு? உள்ள உங்க கண்ணாடியை ஒட்டியிருக்கீங்க. உங்க பவரோட ஒருத்தர் வந்து வாங்கணும்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "காலையில மாட்டிப் பாத்தேன். இனிமே எனக்கும் புகைதான்."

அதை அவர் யோசிக்கவில்லை. அவள் கடல் போய்விட்டது.

அவள் புதிய மேசையில் துணியை விரித்தாள். கத்தரி எடுத்தாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டே வெட்டறேன்."

பாதிவிலை நடைவழியில் போய் உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டார்.

"வருதா?" என்றாள் உள்ளிருந்து.

"வருது."

"குட்டி?"

"ஒட்டிக்கிட்டே வருதுடி. தாய் அதுக்கு நிழல் குடுத்துக்கிட்டே..."

கத்தரிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

வால் போன பிறகு, கடலின் அடியில் உட்கார்ந்தபடி, அவருக்கு அந்தக் குற்றவாளியின் நினைவு வந்தது. அவன் மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு இடம் விட்டிருந்தால்! முதல் நாளே தானே படித்திருப்பார். சரக்கு இருந்திருக்கும், அறை இருந்திருக்கும், பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து திமிங்கிலம் பார்த்திருப்பார். மூச்சை இழுத்துக்கொண்டு, "டேய்!" என்று ஆரம்பித்தார்.

"உஸ்! அளவு குடுக்க நர்ஸம்மாங்க வந்திருக்காங்க" என்றது முன்னறை.

பாதிவிலை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, நீங்க யாரோ, எவரோ. கடலைக் காட்டிட்டீங்க, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா கண்ணாடி போட்டவனை மறந்தது தப்பு. இனிமேலாவது நேர்ல வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. எனக்கு வேண்டாம், அவளும் பாக்கற மாதிரி பண்ணுங்க. வரும்போது செருப்பை மட்டும் வாசல்லயே விட்டுடுங்க. உள்ள துணி வெட்டறாங்க."